வீணை தனம்மாள்

வீணை தனம்மாள் (1867 - அக்டோபர் 15, 1938) சென்னையைச் சேர்ந்த புகழ்பெற்ற கருநாடக இசைக் கலைஞர் ஆவார். வீணை வாசிப்பிலும், பதம், சாவளி முதலிய இசை வடிவங்களைப் பாடுவதிலும் சிறந்து விளங்கினார். இவர் வழிவந்த இசை மரபு "தனம்மாள் பாணி" என அழைக்கப்படுகிறது.

பிறப்பும் குடும்பமும்

தனம்மாள் சென்னைத் துறைமுகத்தை அடுத்து, இராயபுரத்துக்குத் தெற்கே அமைந்துள்ள ஜார்ஜ் டவுன் பகுதியில் பிறந்தார். கறுப்பர் நகரம் என வழங்கிய இப்பகுதி 1911 ஆம் ஆண்டிலேயே இப்பெயரைப் பெற்றது. வணிகர்கள் நிறைந்திருந்த இப்பகுதி இசைக்கும் உறைவிடமாக இருந்தது. தியாகராசரின் மாணவரும் திருவொற்றியூரோடு தொடர்புடையவருமான வீணை குப்பையர் இங்குள்ள முத்தியால்பேட்டையில் வாழ்ந்தவர்.

தனம்மாள் பரம்பரையாக இசையும் நடனமும் பயின்ற தேவதாசிக் குடும்பத்தில் தோன்றியவர். பாட்டி காமாட்சி நடனக் கலைஞர். தாயார் சுந்தரம்மாள் பாடகர்; சியாமா சாத்திரியின் மகன் சுப்பராய சாத்திரியிடம் இசை பயின்றவர்.

இசைப் பயிற்சி

குடும்பத்தாரிடம் தொடக்கப் பயிற்சி பெற்ற தனம்மாள், பின்னர் பலரிடம் கற்றார். சாத்தனூர் பஞ்சநத ஐயரிடம் முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளையும், கண்பார்வையற்ற இசைக் கலைஞர் பாலதாசரிடம் பதங்களையும் கற்றுக்கொண்டார். சாவளிகள் பல இயற்றிய தருமபுரி சுப்பராயர் இவருடைய நண்பர் ஆவார்.

வாசிப்பு முறை

வீணைக் கலைஞர்கள் பொதுவாக விரல்களில் கம்பி வளையம் அணிந்து தந்திகளை மீட்டுவர். தனம்மாள் அவ்வாறு அணியாமல் வெறும் விரல்களாலேயே மீட்டினார். இதனால் ஒலி மிக மென்மையாக இருந்தது. ஒருமுறை மீட்டிய நாதத்தின் நீட்சியிலேயே கமகங்களை வெளிப்படுத்தினார். வாசித்துக்கொண்டே பாடுவது இவரது வழக்கம். பெரும்பாலும் மிருதங்கம் முதலிய பக்கவாத்தியங்கள் இன்றியே வாசித்தார்.

இத்தகைய வாசிப்பு பெரிய அரங்குகளுக்கு ஏற்றதன்று. எனவே, ஜார்ஜ் டவுன் இராமகிருஷ்ணா தெருவில் இருந்த இவரது இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடைபெற்ற கச்சேரிகளே பெரும்புகழ் பெற்றன. இசைவாணர்களும் தேர்ந்த சுவைஞர்களும் அங்கு வந்து அமைதி காத்துக் கேட்டனர். முன்னணிக் கலைஞர்களே கேட்டுக் கற்கும் இடமாக அவ்வீடு விளங்கியது.

இசைத்தட்டுகள்

இந்தியாவில் வணிக நோக்கிலான ஒலிப்பதிவு 1902 இல் கல்கத்தாவில் தொடங்கியது. அக்காலத்தில் ஒலிவாங்கி கிடையாது. கலைஞர் ஒரு கூம்புக் குழாயின் முன் உரக்கப் பாட வேண்டும். குழாயில் சேரும் காற்றதிர்வே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கீறும். தனம்மாளின் வீணை போன்ற மெல்லிய ஒலியை இம்முறையில் பதிவது அரிது. 1925 இல் மின்முறை ஒலிப்பதிவு அறிமுகமானது. ஒலிவாங்கியில் பெற்ற குறிகையை மின்னணுக் குழல்களால் பெருக்கிப் பதிந்ததால் மெல்லிய ஒலிகளும் தட்டில் ஏறின.

இதன் பின்னரே, 1930களின் முற்பகுதியில், கொலம்பியா நிறுவனம் தனம்மாளின் வாசிப்பைப் பதிவு செய்து வெளியிட்டது. அப்போது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அத்தட்டுகளில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடங்களே இடம் இருந்தது. பல மணித்துளிகள் விரிந்து செல்லக்கூடிய இராக ஆலாபனையை இந்த அளவுக்குள் சுருக்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமைக் கச்சேரிகளின் முழு வடிவம் இத்தட்டுகளில் இல்லை எனினும், 19 ஆம் நூற்றாண்டில் உருவான ஒரு வீணை மரபை நேரடியாகக் கேட்க உதவும் அரிய சான்றுகளாக இவை கருதப்படுகின்றன.

இறுதிக்காலம்

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய தேவதாசி முறை எதிர்ப்பு இயக்கத்தால் இக்குடும்பங்களின் பெண்கள் ஆடிப் பாடும் வாய்ப்புகள் குறைந்தன. அவர்களை ஆதரித்து வந்த செல்வர்களும் விலகினர். தனம்மாள் பொருள் நெருக்கடியுடனேயே வாழ்ந்தார். பிற்காலத்தில் கண்பார்வையையும் இழந்தார். ஆயினும் இசையை விடவில்லை. 1938 ஆம் ஆண்டு அக்டோபர் 15 அன்று காலமானார்.

மரபு

தனம்மாளுக்கு இராஜலட்சுமி, இலட்சுமிரத்தினம், ஜெயம்மாள், காமாட்சி என நான்கு மகள்கள். காமாட்சியின் மகள்களான தி. பிருந்தா, தி. முக்தா ஆகியோர் பதங்களையும் சாவளிகளையும் பாட்டியின் பாணியிலேயே பாடிக் காத்தனர். ஜெயம்மாளின் மகள் த. பாலசரசுவதி பரதநாட்டியத்தில் உலகப்புகழ் பெற்றார். அவருடைய சகோதரர்கள் மிருதங்கக் கலைஞர் த. இரங்கநாதன், புல்லாங்குழல் கலைஞர் த. விசுவநாதன் ஆகியோர் அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தனர். பாலசரசுவதி (1973), பிருந்தா (1976), விசுவநாதன் (1988) ஆகிய மூவரும் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றவர்கள் ஆவர்.

இந்திய அஞ்சல் துறை 2010 ஆம் ஆண்டில் தனம்மாளின் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. தட்டில் ஏறாத பாடல்களில் பல, இக்குடும்பத்தினர் வாய்மொழியாகக் கற்றுக் கற்பித்ததாலேயே அடுத்த தலைமுறைகளைச் சென்றடைந்தன என்பது குறிப்பிடத்தக்கது.