தாளைப் பார்க்காமல் நடனத்தை வரைந்த ரோடின்

ஆடுகிறவரை வரைவதில் ஒரு சிக்கல் உண்டு. தாளைக் குனிந்து பார்க்கிற நொடியில் அவர் கை வேறு இடத்துக்குப் போயிருக்கும். பிரெஞ்சுச் சிற்பி அகஸ்ட் ரோடின் இதற்குக் கண்டுபிடித்த வழி: தாளைப் பார்க்கவே கூடாது!

யார் இந்த ரோடின்?

1840-ல் பாரிஸில் பிறந்தவர். நுண்கலைப் பள்ளி நுழைவுத் தேர்வில் மூன்று முறை தோற்றவர். கட்டடங்களுக்கு அலங்கார வேலை செய்துதான் பிழைப்பை ஓட்டினார். 1877-ல் அவர் காட்சிக்கு வைத்த ‘வெண்கல யுகம்’ சிலை அவ்வளவு தத்ரூபமாக இருந்ததால், ஆள் மேலேயே அச்சு எடுத்துவிட்டார் என்று பழி வந்தது. பிறகு ‘சிந்தனையாளர்’ சிலை அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

எப்படி வரைந்தார்?

மாடல்களை அசையாமல் நிற்கச் சொல்ல மாட்டார். அவர்கள் இஷ்டத்துக்கு நடப்பார்கள், குனிவார்கள், திரும்புவார்கள். ரோடினின் கண் அவர்கள் மேலேயே இருக்கும். பென்சில் தன்பாட்டுக்கு ஓடும். சில படங்களில் கால் தாளுக்கு வெளியே போய்விடும். அளவு கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை, அசைவு தப்பிவிடக் கூடாது. அப்புறம் அதன்மேல் லேசாக வாட்டர் கலர் பூசுவார். அவ்வளவுதான்.

ஒரு வாரம், 150 படங்கள்

1906 ஜூனில் கம்போடிய மன்னர் சிசோவத்துடன் அரசவை நடனக் குழுவும் பிரான்ஸ் வந்தது. பாரிஸில் அவர்கள் ஆடியதைப் பார்த்த ரோடினுக்கு அப்போது வயது 65. கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு, அவர்கள் பின்னாடியே மார்செய் துறைமுக நகருக்குப் போய்விட்டார். அங்கே மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் தாளை வாங்கியும் வரைந்தார்.

அந்தப் படங்களில் பலவற்றில் முகம் வெறும் சில கோடுகள்தான். பின்னோக்கி வளைந்த விரல்கள், மடங்கிய முழங்கால்கள், நீண்ட கைகள் ஆகியவற்றில்தான் அவர் கவனம் முழுக்க. சுமார் 150 படங்கள் சேர்ந்தன. நடனக் குழு ஊர் திரும்பியபோது அவரிடம் மிஞ்சியவை இவைதான்.

சென்னை நடராஜரும் ரோடினும்

ரோடின் இந்தியா வந்ததில்லை. ஆனால், சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள நடராஜர் வெண்கலச் சிலையின் புகைப்படங்களைப் பார்த்தே ஒரு கட்டுரை எழுதினார். 1917-ல் அவர் இறந்தார்; கட்டுரை 1921-ல்தான் அச்சானது. கம்போடியப் பெண்களை வரைந்த தாள்கள் இப்போதும் பாரிஸ் ரோடின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.