அறிவியலுக்குக் கணக்கெழுதிய அறிஞர்

சென்ற ஆண்டு தொழிற்பயிற்சிக்காக ஓர் ஆய்வு நிறுவனத்தில் பன்னிரண்டு வாரங்கள் இருந்தேன். மூன்றாவது வாரம் என் மேசைக்கு ஒரு படிவம் வந்தது. ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் அந்நிறுவனம் ஓராண்டில் எவ்வளவு செலவிட்டது என்று அரசாங்கம் கேட்டிருந்தது. அதில் ஒரு கட்டம், ஒவ்வோர் அதிகாரியும் தம் வேலை நேரத்தில் எத்தனை விழுக்காட்டை ஆய்வுக்கு ஒதுக்குகிறார் என்பது. யாரிடம் கேட்பது என்று விழித்தேன். போன ஆண்டுப் படிவத்தைப் பார்த்து எல்லாருக்கும் நாற்பது என்று போட்டுவிடச் சொன்னார்கள். நானும் போட்டேன். புள்ளியியல் படிக்கும் மாணவி நான். கை கூசத்தான் செய்தது. ஆனாலும் போட்டேன்.

அந்தக் கூச்சம்தான் என்னை ஜான் டெஸ்மண்ட் பெர்னல் என்ற மனிதரிடம் கொண்டு சேர்த்தது. இறுதியாண்டு ஆய்வேட்டிற்காக இத்தகைய கணக்கெடுப்புகளின் வரலாற்றைத் தேடியபோது, தொடக்கத்திலேயே அவர் பெயர் வந்து நின்றது. படிக காட்டும் ஊடுகதிர்ப் படங்களில் பெயர் பெற்ற ஓர் இயற்பியலாளருக்கு இந்தக் கணக்குப்பிள்ளை வேலை எதற்கு என்று முதலில் வியந்தேன்.

பெர்னல் 1901ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் அயர்லாந்தில் டிப்பரரி மாவட்டத்து நீனா என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பண்ணை வைத்திருந்தவர். தாய் அமெரிக்காவில் படித்தவர். 1919இல் உதவிச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் இம்மானுவேல் கல்லூரியில் சேர்ந்தார். எதைக் கேட்டாலும் விடை வைத்திருந்ததால் நண்பர்கள் அவரை ஞானி என்றே அழைத்தார்கள். அந்தப் பட்டப்பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. கல்லூரி நாளிலேயே பொதுவுடைமைக் கொள்கையிலும் பற்றுக்கொண்டார்.

பட்டம் பெற்றபின் இலண்டனில் வில்லியம் பிராக்கிடம் பணியாற்றி, 1924இல் கிராஃபைட்டின் அணு அமைப்பைக் கண்டறிந்தார். மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று, 1934இல் டோரதி ஹாட்ஜ்கினோடு சேர்ந்து பெப்சின் என்னும் புரதப் படிகத்தை ஊடுகதிரால் படமெடுத்தார். படிகத்தைக் காயவிடாமல் அதன் நீரிலேயே வைத்து எடுத்ததுதான் அந்தச் சோதனையின் சூட்சுமம். புரதத்தின் அமைப்பை அணு அணுவாக அறியலாம் என்ற நம்பிக்கை அதிலிருந்து பிறந்தது. அவரோடு உழைத்த மேக்ஸ் பெரூட்ஸ் 1962இலும் ஹாட்ஜ்கின் 1964இலும் நோபல் பரிசு பெற்றார்கள். அவருக்கு அது கிடைக்கவில்லை.

1938இல் இலண்டன் பர்க்பெக் கல்லூரியில் பேராசிரியரானார். பகலில் வேலை செய்துவிட்டு மாலையில் படிக்க வருவோருக்கான கல்லூரி அது. மறு ஆண்டே, 1939இல், அறிவியலின் சமுதாயப் பணியைப் பற்றிய அவரது பெரிய நூல் வெளிவந்தது. என் படிவத்தின் பாட்டன் அந்த நூலில்தான் இருந்தான்.

நாடு அறிவியலுக்கு எவ்வளவு செலவிடுகிறது? இந்த எளிய கேள்விக்கு அன்றைய பிரிட்டனில் யாரிடமும் விடை இல்லை. பெர்னல் அரசாங்க வரவு செலவுத் திட்டங்களையும் பல்கலைக்கழக மானிய அறிக்கைகளையும் தொழில்துறையைப் பற்றிக் கிடைத்த தகவல்களையும் ஒன்றுசேர்த்தார். வந்த தொகையைத் தேசிய வருமானத்தோடு ஒப்பிட்டார். பிரிட்டன் நூற்றில் 0.1 பங்குதான் செலவிடுகிறது, அமெரிக்கா 0.6, சோவியத் ஒன்றியம் 0.8 என்று அவர் கணக்குக் காட்டியது. குறைந்தது அரை விழுக்காட்டிலிருந்து ஒரு விழுக்காடுவரை பிரிட்டன் ஒதுக்க வேண்டும் என்று வாதிட்டார். இன்று நாளிதழ்களில் நாம் காணும் ஆய்வுச் செலவு விழுக்காட்டின் தொடக்க வடிவம் இதுவே.

எனக்குப் பிடித்தது அந்த எண்களைவிட அவற்றோடு அவர் எழுதிவைத்த ஒப்புதல்தான். துல்லியமான தொகையைக் கண்டுபிடிப்பது ஏறக்குறைய இயலாத காரியம் என்றும், பல்கலைக்கழகங்களும் அரசாங்க இலாகாக்களும் நிறுவனங்களும் கணக்கெழுதும் முறையையே மாற்றினாலன்றி அது கைகூடாது என்றும் அவர் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்.

ஏன் இயலாது? ஓர் அமைச்சு பல்கலைக்கழகத்துக்குப் பத்து இலட்சம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அமைச்சும் பல்கலைக்கழகமும் ஆளுக்கொரு முறை அதை எழுதினால் பத்து இருபதாகிவிடும். மாதந்தோறும் ஆற்றுநீரைச் சோதிப்பது வழக்கமான வேலை. புதிய சோதனை முறையை உருவாக்குவது ஆய்வு. இரண்டும் ஒரே கூடத்தில், ஒரே ஆளால், ஒரே சம்பளத்தில் நடக்கின்றன. கோடு எங்கே கிழிப்பது?

போர் வந்ததும் பெர்னல் அரசாங்கத்துக்கு ஆலோசகரானார். குண்டுவீச்சின் சேதங்களை அளந்தார். 1944 நார்மண்டித் தரையிறக்கத்துக்காக அங்குள்ள கடற்கரைகளின் மணலையும் சரிவையும் ஆராய்ந்தார். கொள்கையில் அரசாங்கத்தோடு முரண்பட்டவர் என்றாலும் அவர் அறிவு தேவைப்பட்டது.

இவரைக் குறையே இல்லாதவராகக் காட்ட நான் விரும்பவில்லை. சோவியத் நாட்டில் மரபணுவியலை மறுத்த லைசென்கோ 1948இல் மேலோங்கியபோது, பெர்னல் அவரை ஆதரித்து எழுதினார். வவிலோவ் என்னும் பெரிய மரபியலாளர் 1943இலேயே சிறையில் மாண்டிருந்தார். சான்றுகளை எடைபோடத் தெரிந்த ஒருவர், தாம் நேசித்த நாட்டின் சான்றுகளை மட்டும் எடைபோடத் தவறினார். நூலில் உள்ள அந்த 0.8ஐயும் அதன்பின் நான் சற்று எச்சரிக்கையோடுதான் பார்க்கிறேன். மூன்று நாடுகளும் அறிவியல் என்று எழுதியது ஒரே பொருளைத்தானா?

இந்தக் கேள்விக்கு விடைதேடித்தான் 1963 ஜூன் மாதம் இத்தாலியின் ஃபிராஸ்காத்தி நகரில் பல நாட்டு வல்லுநர்கள் கூடினார்கள். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு கூட்டிய கூட்டம் அது. வரைவை எழுதியவர் கிறிஸ்டஃபர் ஃபிரீமன். பெர்னலின் எழுத்தால் ஈர்க்கப்பட்டவர். ஊரின் பெயரையே தாங்கிய அந்தக் கையேட்டின் ஏழாம் பதிப்பு 2015இல் வந்தது. புதுமை, படைப்பாற்றல், முடிவு முன்கூட்டியே தெரியாமை, திட்டமிட்ட முறை, பிறர் திரும்பச் செய்ய இயலுதல் ஆகிய ஐந்தும் இருந்தால்தான் ஆய்வு என்கிறது அது. பணம் கொடுத்தவரை மட்டும் நம்பாமல் செலவழித்தவரிடமே கேட்கச் சொல்கிறது. நேரத்தில் பாதியை ஆய்வுக்குத் தருபவரை அரை ஆளாக எண்ணச் சொல்கிறது.

அந்த 1963இலேயே பெர்னலைப் பக்கவாதம் தாக்கியது. 1971 செப்டம்பர் 15ஆம் நாள் அவர் மறைந்தார்.

நம் நாட்டின் ஆய்வுச் செலவு 2018இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.04 விழுக்காடு; 2020இல் 0.95 என்று பதிவாகியுள்ளது. இவற்றைக் காணும்போதெல்லாம் என் நாற்பது நினைவுக்கு வருகிறது. இத்தகைய எண்கள் எவரோ ஒருவர் மேசையில் நிரப்பிய கட்டங்களிலிருந்துதானே கூடி வருகின்றன?

பயிற்சி முடியும் முன் ஒன்று செய்தேன். அதிகாரிகள் ஒன்பது பேரைத் தனித்தனியே பார்த்துக் கேட்டேன். ஒருவர் எழுபது என்றார். இருவர் பத்துகூட இருக்காது என்று சிரித்தார்கள். ஒருவர்கூட நாற்பது என்று சொல்லவில்லை. படிவம் அதற்குள் போய்விட்டிருந்தது. ஒன்பது விடைகளையும், கேட்ட முறையையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த ஆண்டு நிரப்புபவருக்காகக் கோப்பில் வைத்துவிட்டு வந்தேன்.

தமிழ்ப்பள்ளியில் கணக்குப் பாடத்தில் விடை மட்டும் எழுதினால் என் ஆசிரியை பாதி மதிப்பெண்தான் தருவார். வழியையும் காட்ட வேண்டும். பெர்னல் வழியையும் காட்டினார், அதன் ஓட்டைகளையும் காட்டினார். அன்பு நண்பர்களே, நாளை நீங்கள் அரசாங்கத்திலோ நிறுவனத்திலோ அமரும்போது இப்படி ஒரு படிவம் உங்கள் மேசைக்கும் வரும். போன ஆண்டுப் படிவத்தைத் தேடும் முன், பக்கத்து அறைக் கதவைத் தட்டிக் கேளுங்கள்.