கோஜாக் வேடம் தரித்த ஸவாலஸ்

முரட்டு வேடம் தரித்துக் கீர்த்தி பெற்ற நடிகர்கள் அநேகர். அவர்களுள் பெரும்பாலோர் வேடம் கலைந்ததும் மறக்கப்பட்டு விடுகின்றனர். அமெரிக்க டெலிவிஷனில் கோஜாக் என்னும் துப்பறியும் உத்தியோகஸ்தராகத் தோன்றிய டெலி ஸவாலஸ் அவ்விதம் மறக்கப்படவில்லை. அவருடைய சரித்திரம் நாடக அபிமானிகளுக்கு மட்டுமன்றி, நீதியையும் ஜனங்களின் சுதந்திரத்தையும் பற்றிச் சிந்திப்போருக்கும் பயன்படத்தக்கது என்பது நமது அபிப்பிராயம்.

ஸவாலஸ் 1922-ம் வருஷம் ஜனவரி 21-ந் தேதி, நியூயார்க் ராஜ்யத்தைச் சேர்ந்த கார்டன் ஸிடியில் கிரேக்கக் குடும்பமொன்றில் பிறந்தார். பெற்றோர் அவருக்கு அரிஸ்டாடில் என்னும் தத்துவ ஞானியின் நாமத்தையும், சகோதரர்களில் ஒருவருக்கு டெமாஸ்தனிஸ் என்னும் பிரசங்கியின் நாமத்தையும் இட்டனர். பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவர்கள் தாய்நாட்டின் பெருமையைப் பிள்ளைகளின் பெயரிலேனும் காப்பாற்றி வைப்பது உலக இயல்பன்றோ? பாடசாலையில் சேர்ந்த காலத்தில் அப்பிள்ளைகளுக்குக் கிரேக்க மொழியைத் தவிர வேறு மொழி தெரியாது. குடும்பச் செலவுக்கு உதவியாகப் பத்திரிகை விற்றும், பாதரட்சைகளுக்கு மெருகிட்டும் அவர்கள் வளர்ந்தார்கள்.

இரண்டாவது உலக யுத்தத்தில் ஸவாலஸ் ராணுவ சேவை செய்தார். பின்னர் கொலம்பியா சர்வகலாசாலையில் மனோதத்துவம் கற்றார். அதன்மேல் சர்க்காரின் செய்தி இலாகாவிலும், தனியார் ஒலிபரப்புக் கம்பெனியிலும் உத்தியோகம் பார்த்தார். நடிப்புத் தொழிலில் அவர் புகுந்தது 35 வயது கடந்த பின்னரே. இளமையில் வாய்க்காதது பின்னர் வாய்க்காது என்று மனம் சோர்பவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

தலைமயிர் குறைந்து, கண்கள் கூர்ந்து, குரல் கரகரத்த அம்மனிதருக்குக் காதலன் வேடம் கிடைக்கவில்லை. கொடியவர்களின் வேடங்களே வந்தன. 1962-ல் வெளியான அல்கட்ராஸ் சிறைவாசியைப் பற்றிய படத்தில் கைதியாக நடித்து ஆஸ்கார் பரிசுக்குப் பிரேரேபிக்கப்பட்டார். ஏசுநாதரின் சரித்திரத்தைக் கூறி 1965-ல் வெளிவந்த படத்தில் பிலாத்து வேடத்திற்காகத் தலையை முற்றிலும் மழித்துக் கொண்டார். வேடம் முடிந்த பின்னரும் அக்கோலத்தையே நிலையாக வைத்துக் கொண்டார். பிறர் குறையென்று மறைப்பதை அவர் தமது முத்திரையாக்கிக் கொண்டார் என்றே சொல்லவேண்டும். 1969-ல் ஜேம்ஸ் பாண்டின் பகைவனாக நடித்ததும் அக்கோலத்திலேயே.

கோஜாக் வேடம் பிறந்த வரலாறுதான் நாம் விசேஷமாகக் கூற விரும்புவது. 1963-ல் நியூயார்க் நகரில் இரண்டு யுவதிகள் தங்கள் வீட்டில் கொலையுண்டனர். அடுத்த வருஷம் 19 வயதுள்ள ஏழைக் கறுப்பு இளைஞன் ஒருவனைப் போலீஸார் பிடித்து, பல மணி நேரம் இடைவிடாது விசாரித்து, அக்கொலைகளைத் தானே செய்ததாக வாக்குமூலம் வாங்கினார்கள். பக்கம் பக்கமாக நீண்ட அவ்வாக்குமூலம் பொய்யென்று பின்னர் நிரூபணமாயிற்று. கொலையாளி வேறொருவன் என்பது வெளியாகி, அவன் தண்டனை அடைந்தான். ஆயினும் வேறொரு குற்றச்சாட்டின் பேரில் அவ்விளைஞனுடைய துன்பம் 1973 வரை தீரவில்லை. போலீஸார் விசாரணைக்கு முன்னரே கைதிக்கு அவனுடைய உரிமைகளை எடுத்துச் சொல்லவேண்டுமென்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1966-ல் மிராண்டா வழக்கில் தீர்ப்பளித்தபோது, இந்தப் பொய் வாக்குமூலமும் அத்தீர்ப்பில் குறிப்பிடப்பட்டது.

இவ்வரலாற்றைத் தழுவி ஆபி மான் எழுதிய டெலிவிஷன் படம் 1973 மார்ச்சில் ஒளிபரப்பாயிற்று. அதில் இளைஞனின் நிரபராதித்துவத்தை உணர்ந்து, தம் இலாகாவினரையே எதிர்த்து நிற்கும் உத்தியோகஸ்தராகக் கோஜாக் தோன்றினார். உண்மையை அறிந்தும் அவ்விளைஞனை மீட்க அவரால் இயலவில்லை. அவ்வேடம் ஜனங்களின் மனத்தைக் கவரவே, அவ்வருஷம் அக்டோபரில் கோஜாக் வாராந்தரத் தொடராகத் தொடங்கி 1978 வரை நடைபெற்றது. ஸவாலஸுக்கு 1974-ல் எம்மி பரிசு கிடைத்தது. டெமாஸ்தனிஸ் என்ற அச்சகோதரரும் அதில் நடித்தார். புகை பிடிப்பதைக் குறைப்பதற்காகக் கோஜாக் வாயில் வைத்துக்கொண்ட குச்சி மிட்டாய் உலகப் பிரசித்தியடைந்தது. முரடனுடைய வாயில் குழந்தையின் தின்பண்டம்! அம்முரட்டுத்தனத்தினடியில் இருந்த மனிதத் தன்மையை அது ஒன்றே எடுத்துக் காட்டிற்று.

இங்கே ஒரு விஷயத்தை நாம் மறைப்பதற்கில்லை. தொடரில் வாரந்தோறும் குற்றவாளி பிடிபட்டே ஆகவேண்டும். ஆதலின் விதிகளைச் சற்று வளைத்தேனும் வெற்றி காணும் வீரராகக் கோஜாக் மாறினார், ஜனங்களும் கைகொட்டினார்கள். போலீஸாரின் அத்துமீறலைக் கண்டிக்கப் பிறந்த பாத்திரம், போலீஸாரின் துணிச்சலைப் போற்றும் பாத்திரமாக முடிந்தது. இது நடிகரின் குற்றமன்று; ஒரு மணி நேரத்தில் நீதி கிடைக்கவேண்டுமென்று அவசரப்படும் ரசிகர்களின் குற்றம். கையில் அகப்பட்டவன் குற்றவாளிதான் என்று கதையில் நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. வாழ்க்கையில் அது தெரிவதில்லை. ஆகையினாலேயே சட்டம் என்ற வேலி தேவையாகிறது.

ஸவாலஸ் பாடகராகவும் பெயர் பெற்றார். அவருடைய இசைத்தட்டு ஒன்று 1975-ல் இங்கிலாந்தில் விற்பனையில் முதலிடம் பெற்றது. சீட்டாட்டப் பந்தயங்களிலும் குதிரைப் பந்தயத்திலும் அவருக்கு ஈடுபாடு அதிகம். 1994 ஜனவரி 22-ந் தேதி, 72 வயது நிறைந்த மறுநாள், புற்றுநோயால் கலிபோர்னியாவில் காலமானார்.

அவருடைய மழித்த தலையையும் மிட்டாயையும் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதனால் நஷ்டமில்லை. ஆனால் பலவந்தமாகப் பெறப்பட்ட வாக்குமூலத்தை நம்ப மறுத்த ஒரு போலீஸ்காரராகவே அவர் முதன்முதலில் அவ்வேடம் புனைந்தார் என்பதையும் சேர்த்து நினைப்பதே அவருக்குச் செய்யும் நியாயமாகும். பலவீனனை அடிப்பவன் வீரனல்லன். பலசாலிகள் அனைவரும் ஒருவனைக் குற்றவாளியென்று கூறும்போது, சாட்சியம் எங்கே என்று கேட்பவனே வீரன்.