செகாவ்: நோயோடு நடந்த இருபது ஆண்டுகள்

உருசியச் சிறுகதைக்கும் நாடகத்திற்கும் புதுநெறி வகுத்த ஆன்டன் செகாவ் வாழ்ந்தது 44 ஆண்டுகளே. அவற்றுள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காசநோயோடு கழிந்தன. மருத்துவர், நோயாளர், எழுத்தாளர் என்னும் மூவரும் ஓருடலில் வாழ்ந்து, ஒருவரையொருவர் நெருக்கியும் தாங்கியும் நின்ற வரலாறு அது.

அசோவ் கடற்கரையிலுள்ள தாகன்ரோக் நகரில் 1860 சனவரியில் அவர் பிறந்தார். பாட்டனார் பண்ணையடிமையாயிருந்து, பணங்கொடுத்து விடுதலை பெற்றவர். மளிகைக் கடை நடத்திய தந்தை 1876இல் கடனாளியாகி மாஸ்கோவிற்கு ஓடினார். மகனோ பிறந்த ஊரிலேயே தங்கி, சிறுவர்க்குப் பாடஞ் சொல்லிப் பிழைத்துப் பள்ளிப்படிப்பை முடித்தார். 1879இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தபோது குடும்பப் பாரமும் அவர் தோளில் ஏறியது. நகைச்சுவை இதழ்களில் புனைபெயரில் எழுதிப் பெற்ற கூலியால் வீடு நடந்தது.

1884இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அவ்வாண்டு டிசம்பரிலேயே இருமலில் குருதி கண்டது. ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அப்போது இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. ஸ்டிரெப்டோமைசின் என்னும் மருந்து தோன்றவோ இன்னும் ஏறத்தாழ அறுபதாண்டுகள் இருந்தன. மருத்துவராகிய செகாவுக்கு அறிகுறியின் பொருள் விளங்காதிருக்க வழியில்லை. எனினும் தொண்டைக் குழாய் வெடித்ததால் வந்த குருதி என்றே பிறரிடம் கூறினார். தம்மைச் சோதிக்க எவருக்கும் இடங்கொடுக்கவில்லை. 1889இல் தமையன் நிக்கோலாய் அந்நோயாலேயே இறந்த பின்னரும் இப்போக்கு மாறவில்லை. இதற்கு அச்சம் ஒன்றே காரணமாகாது. நோயின் பெயர் வெளிப்பட்டால் ஓய்வு கட்டாயமாகும். ஓய்ந்தால் பெற்றோரும் உடன்பிறந்தாரும் உண்ணும் சோறு என்னாகும் என்ற கவலையும் இருந்திருத்தல் வேண்டும்.

மறுத்தலின் உச்சம் 1890இல் மேற்கொண்ட சகலின் தீவுப் பயணம். சைபீரியாவைக் குதிரை வண்டியிலும் படகிலும் கடந்து, கைதிகள் வாழ்ந்த அத்தீவில் மூன்று மாதங்கள் தங்கி, ஏறத்தாழ 10,000 பேரைப் பற்றிய குறிப்பட்டைகளைத் தொகுத்தார். திரும்பும் கடல்வழியில் இலங்கையில் இறங்கிக் கொழும்பையும் கண்டியையும் கண்டார்.

1892இல் மாஸ்கோவிற்குத் தெற்கே மெலிகோவோ என்னும் சிற்றூரில் பண்ணை வாங்கிக் குடியேறினார். நாட்டுப்புறக் காற்று உடலுக்கு நலமாயிருக்கும் என்ற எண்ணமும் அதிலிருந்தது. ஓய்வு மட்டும் கிட்டவில்லை. விடியலிலேயே உழவர்கள் வாயிலில் காத்திருந்தனர். பொருள் பெறாமல் மருத்துவம் செய்தார். தங்கை மரியா மருந்து கொடுக்க உதவினார். காலரா பரவியபோது 25 ஊர்களும் நான்கு தொழிற்சாலைகளும் ஒரு மடாலயமும் அவர் பொறுப்பில் இருந்தன. அதற்கும் ஊதியம் பெறவில்லை. தோட்டத்தில் 1894இல் கட்டிய சிறு மரவீடே எழுதும் இடமாயிற்று. கடற்பறவை நாடகம் அங்கே உருவாயிற்று.

1897 மார்ச்சில் மாஸ்கோவின் உணவு விடுதி ஒன்றில் நண்பர் சுவோரினுடன் அமர்ந்திருந்தபோது வாயிலிருந்து குருதி பெருகியது. பேராசிரியர் அஸ்த்ரௌமோவின் மருத்துவமனையில் இரு நுரையீரல்களும் பழுதுற்றமை உறுதியாயிற்று. காண வந்த தால்ஸ்தாய் மரணத்திற்குப் பின்னுள்ள நிலை பற்றி நெடிது உரையாடிச் சென்றார். அன்றிரவே மீண்டும் குருதி வந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை. ஆயினும் பணி முழுதும் நின்றுவிடவில்லை. அவர் முன்னின்று கட்டுவித்த மூன்று பள்ளிகளுள் நோவோசெல்கிப் பள்ளி அவ்வாண்டிலேயே நிறைவுற்றது.

மருத்துவத் தொழிலைப் பெரிதும் விடுத்து, வெப்பம் நாடி யால்டாவில் வீடு கட்டி 1899இல் குடிபுகுந்தார். அதன்பின் அவர் கற்றது ஆற்றலை அளந்து செலவிடும் கலை. முன்னாளில் ஒரே அமர்வில் ஒரு கதையை முடித்தவர், செர்ரித் தோட்டம் நாடகத்தை எழுதிய 1903இல் சில நாள்களில் ஒரு சில வரிகளே எழுத இயன்றது. இடையிடையே மரங்கள் நட்டார். கையில் பொருளின்றி யால்டாவிற்கு வந்து சேர்ந்த காசநோயாளருக்கு இடம் தேடித் தந்தார். அவர்க்கென நிதியும் திரட்டினார்.

இந்தச் சமநிலையின் விலையைச் செகாவ் ஒருவரே செலுத்தவில்லை. 1901இல் மணந்த நடிகை ஓல்கா நிப்பர் குளிர்காலமெல்லாம் மாஸ்கோ மேடையில் இருந்தார். இருவர் இல்லறமும் பெரும்பாலும் கடிதங்களில் நடந்தது. மனைவி கலையைத் துறந்து தம் அருகிருக்க வேண்டுமென அவர் வற்புறுத்தவில்லை. தங்கை மரியாவோ மணமின்றியே அவர்தம் வீட்டைக் காத்தார்.

1904 சனவரியில் செர்ரித் தோட்டம் அரங்கேறிய இரவில் நிற்கவும் வலுவின்றி மேடையில் நின்று வாழ்த்துரைகளைக் கேட்டார். அவ்வாண்டு சூலை 15ஆம் நாள் செருமானிய நாட்டின் பாடன்வைலரில், ஓல்கா அருகிருக்க உயிர் நீத்தார்.

முதற்குருதி கண்டபோதே ஓய்ந்திருந்தால் அவர் இன்னும் சில ஆண்டுகள் வாழ்ந்திருக்கக் கூடும். ஆயின் சகலின் நூலும் மெலிகோவோப் பள்ளிகளும் இருந்திரா. அவர் தேர்ந்த வழி எல்லார்க்கும் ஏற்றதென்று கூறுவதற்கில்லை. நோயைப் பெரிதுபடுத்தாத அந்த மனமே, பிறர் துயரையும் மிகைப்படுத்தாமல் எழுதும் கண்ணை அவருக்குத் தந்தது எனலாம். அவர் கதைகளில் துன்புறுவோர் உரக்க அழுவது அரிது; தேநீர் ஆறுகிறது, வண்டி புறப்படுகிறது, வேலை தொடர்கிறது.