பிள்ளைகளைச் சபை நடுவே நிறுத்திய ஜான் கால்வின்



இந்தத் தரம் ஜான் கால்வினைப் பற்றி எழுத ஏவப்பட்டேன். அவர் சீர்திருத்த சபையின் பிதாக்களில் ஒருவர். குழந்தை ஞானஸ்நானத்தை ஆதரித்தவர். அதிலே நாம் அவரோடு ஒத்துப்போகிறதில்லை. ஆனாலும் பிள்ளைகள்மேல் அவருக்கிருந்த பாரம் நமக்கும் வேணும்.

1509 ஜூலை 10-ம் தேதி பிரான்ஸ் தேசத்து நோயோன் பட்டணத்தில் பிறந்தார். தகப்பனார் சொற்படி சட்டம் படித்தார். கர்த்தரோ அவரை ஊழியத்திற்கென்று திருப்பினார். 1536-ல் ஜெனீவா வழியாகப் போனவரை, ஃபாரேல் என்ற ஊழியக்காரர் விடாமல் பிடித்து நிறுத்திக்கொண்டார். 1538-ல் அந்த நகரத்தாரே அவரைத் துரத்தினார்கள். 1541-ல் அவர்களே திரும்ப வரவழைத்தார்கள். வந்ததும் அவர் கையிலெடுத்த வேலைகளில் ஒன்று, பிள்ளைகளுக்கான ஞானோபதேசம்.

1537-ல் அவர் எழுதிய போதனை கேள்வி பதிலாக இல்லை. இப்போதோ போதகர் கேட்க, பிள்ளை பதில் சொல்லும்படி எழுதினார். மொத்தம் 373 கேள்விகள். 55 ஞாயிறுகளுக்குப் பங்கிடப்பட்டன. முந்தினதில் கற்பனைகள் முதலில், விசுவாசம் பின்னால். புதியதில் விசுவாசம் முதலில், அதற்குப் பிறகுதான் பத்துக் கற்பனைகள், பரமண்டல ஜெபம், வசனம், ஞானஸ்நானம், திருவிருந்து. இந்த வரிசையை யோசித்துப் பாருங்கள்!

ஞாயிறு மதியம் ஜெனீவாவின் மூன்று ஆலயங்களிலும் பிள்ளைகள் கூடினார்கள். நன்றாய்க் கற்றுக்கொண்ட பிள்ளை சபைக்கு முன்பாக நின்று, கற்றதின் சாரத்தைச் சொல்லி, தன் விசுவாசத்தை அறிக்கையிட வேண்டும். அதற்குமுன் கர்த்தருடைய பந்தியில் இடமில்லை. அழைத்து வரவேண்டாம் என்று பெற்றோருக்கும் சொல்லப்பட்டது.

அவருக்கு 1542-ல் ஒரு மகன் பிறந்து, சீக்கிரத்திலே மரித்துப்போனான். 1549-ல் மனைவியும் போய்விட்டார். பிள்ளையில்லாதவர் என்று பரியாசம் பண்ணினவர்களுக்கு, கிறிஸ்தவ உலகமெங்கும் தனக்கு எண்ணிமுடியாத பிள்ளைகள் உண்டு என்று பதில் எழுதினார்.

ஒன்றை நான் மறைக்கப் போவதில்லை. 1553-ல் செர்வேத்துஸ் என்பவர் ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டதில் கால்வினுக்கும் பங்குண்டு. மனுஷன் குறைவுள்ளவன், கர்த்தர் ஒருவரே பரிசுத்தர். 1564 மே 27-ல், 54 வயதில் அவர் மரித்தார். அவர் விரும்பினபடியே கல்லறைக்கு அடையாளம் வைக்கவில்லை.

நம்ம பிள்ளைங்க கோரஸ் பாடுறாங்க, கைதட்டுறாங்க, மனப்பாட வசனத்துக்குப் பரிசும் வாங்குறாங்க. சந்தோஷம்தான். ஆனா நாளைக்குப் படிப்புக்காக வெளியூர் ஹாஸ்டலில் இருக்கும்போது, இயேசுவை ஏன் விசுவாசிக்கிறாய் என்று கூடப்படிக்கிறவன் கேட்டால், சொந்த வாயால் பதில் சொல்லத் தெரியுமா? அம்மா அப்பாவின் விசுவாசம் அங்கே கூட வராதே.

மனப்பாடம் மட்டும் மறுபிறப்பு ஆகாது. 373 பதிலையும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கலாம். இருதயத்தைத் திறக்கிறவர் பரிசுத்த ஆவியானவரே. ஆனாலும் விறகை அடுக்குவது நம்ம வேலை, அக்கினியை அனுப்புவது அவர் வேலை.

ஆகவே பெற்றோரே, குடும்ப ஜெபத்தில் தினம் ஒரு கேள்வி கேளுங்கள். பதிலைப் பிள்ளையே தன் வார்த்தையில் சொல்லட்டும். ஞானஸ்நானத்துக்கு அவசரப்படுத்தாதிருங்கள், தானாய்க் கேட்டால் தள்ளியும் போடாதிருங்கள். அடுத்த தலைமுறையின் எழுப்புதல் நம் வீட்டுப் பாயிலே, முழங்காலிலே ஆரம்பிக்கட்டும். ஆமென், அல்லேலூயா!