ஷரஹில் மறைந்திருந்த உண்மை: அல்லாமா இப்னுன் நஃபீஸ் (ரஹ்)

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு மத்ன், ஷரஹு என்னும் இரண்டு சொற்களும் பழக்கமானவை. மூல கிதாபு மத்ன். அதன் விரிவுரை ஷரஹு. ஷரஹு எழுதுகிறவர் முன்னோர் சொன்னதையே நீட்டிச் சொல்கிறவர்தானே என்று நம்மில் சிலர் இலேசாக எண்ணுவதுண்டு. ஆனால் வைத்திய சரித்திரத்தின் மாபெரும் உண்மைகளில் ஒன்று முதன்முதலாக எழுதப்பட்டது ஒரு ஷரஹில்தான். அதை எழுதியவர் அல்லாமா அலாவுத்தீன் அலீ அல்குறஷீ. இப்னுன் நஃபீஸ் என்றால்தான் உலகம் அறியும்.

ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டமாஸ்கஸ் பகுதியில் பிறந்தார்கள். சுல்தான் நூருத்தீன் ஸங்கி கட்டிய நூரி மருத்துவமனையில், தக்வார் என்னும் பெயர்பெற்ற உஸ்தாதிடம் வைத்தியம் கற்றார்கள். அத்துடன் ஃபிக்ஹு, ஹதீஸ், அரபு இலக்கணம் ஆகியவற்றையும் ஓதித் தேறினார்கள். ஹிஜ்ரி 633இல் (1236) கெய்ரோ சென்று, அங்கே மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனித்ததோடு, மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஷாஃபி மத்ஹபின் ஃபிக்ஹையும் போதித்து வந்தார்கள். இமாம் சுப்கீ (ரஹ்) அவர்கள் ஷாஃபி மத்ஹபு அறிஞர்களின் வரலாற்றைத் தொகுத்தபோது இந்த வைத்தியரையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள்.

கிரேக்க வைத்தியர் ஜாலீனூஸ், இருதயத்தின் வலது அறையிலுள்ள இரத்தம் நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் வழியே இடது அறைக்குச் செல்கிறது என்று எழுதி வைத்தார். ஆயிரம் ஆண்டுகளாக அதுவே பாடம். மேதை இப்னு ஸீனாவின் கானூனும் அதையே ஒட்டிச் சென்றது. கானூனின் உடற்கூறுப் பகுதிக்கு இப்னுன் நஃபீஸ் ஷரஹு எழுதினார்கள். ஹிஜ்ரி 640க்குள் (1242) அது முடிந்துவிட்டது. அப்போது அவர்களுக்கு முப்பதை ஒட்டிய வயது.

அந்த ஷரஹில்தான், நடுச்சுவர் கனமானது, அதில் துவாரமே கிடையாது என்று அவர்கள் தெளிவாக எழுதினார்கள். வலது அறையிலிருந்து இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கே பரவிக் காற்றுடன் கலந்து, பிறகே இடது அறைக்குத் திரும்புகிறது என்று விளக்கினார்கள். ஷரீஅத்தும் தம் இயல்பான இரக்கமும் பிரேதத்தை அறுத்துப் பார்ப்பதிலிருந்து தம்மைத் தடுத்தன என்பதையும் அதிலேயே சொல்லியுள்ளார்கள். உறுப்புகளின் அமைப்பை முன்னோரின் நூல்களிலிருந்து எடுத்துக்கொண்டதாகவும், அவற்றின் செயலைப் பற்றி மட்டும் முன்னோருக்கு ஒத்திருந்தாலும் மாறியிருந்தாலும் தம் ஆய்வின்படியே எழுதியதாகவும் முன்னுரையில் குறித்துள்ளார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது அவர்களுடைய அதபு. இப்னு ஸீனாவின் பிழையைக் கண்டதற்காக அவரைத் தூக்கி எறிந்துவிடவில்லை. அவருடைய கானூனைச் சுருக்கி மூஜஸ் என்னும் நூலை எழுதினார்கள். நம் நாட்டு யூனானி வைத்தியர்களும் நெடுங்காலம் அதை ஓதி வந்தார்கள். ஃபிக்ஹில் இமாமைப் பின்பற்றியவர், உடலின் இயக்கத்தில் ஆதாரத்தைப் பின்பற்றினார். இரண்டும் அவரிடம் மோதவில்லை.

நுரையீரலில் இரத்தத்தின் சிவப்பணுக்கள் பிராண வாயுவைச் சுமந்துகொள்கின்றன என்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். நுண்ணோக்கி இல்லாத அக்காலத்தில் சிவப்பணுவை அவர்கள் அறிந்திருக்க வழியில்லை. உடல் முழுவதும் இரத்தம் சுற்றி வருவதை 1628இல் நிறுவியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. அந்தப் பெருமையையும் சேர்த்து இவர்களுக்குச் சூட்டுவது அமானிதத்திற்கு அழகல்ல. இருதயத்திற்கும் நுரையீரலுக்கும் இடையிலான பாதையை ஐரோப்பாவில் செர்வீட்டஸ் அச்சிட்டது 1553இல். அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவர்கள் எழுதிவிட்டார்கள் என்ற உண்மையே போதும்.

ஆனால் வெட்கப்பட வேண்டிய செய்தியும் ஒன்றுண்டு. இந்தக் கருத்தைப் பிற்காலத்தார் பெரும்பாலும் மறந்தேவிட்டார்கள். ஜெர்மனியில் படித்த எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் தத்தாவீ, பெர்லின் நூலகத்திலிருந்த கையெழுத்துப் பிரதியைப் பார்த்து 1924இல் இதை வெளிக்கொணர்ந்தார். கிதாபு இருந்தும் அதைத் திறப்பார் இல்லாமல் போனது யார் குற்றம்?

இறுதி நோயில் சக வைத்தியர்கள், மருந்தாகக் கொஞ்சம் மது அருந்தும்படி யோசனை சொன்னார்கள். வயிற்றில் மதுவோடு தம் ரப்பைச் சந்திக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார்கள். மத்ரஸாவில் பிறருக்கு ஓதிக்கொடுத்ததை மரணப் படுக்கையிலும் விட்டுவிடவில்லை. ஹிஜ்ரி 687 துல்கஅதா பிறை 21 வெள்ளிக்கிழமை (17-12-1288) வபாத்தானார்கள். தம் வீட்டையும் கிதாபுகளையும் சுல்தான் கலாவூன் கட்டிய மன்சூரி மருத்துவமனைக்கே வழங்கிச் சென்றார்கள்.

அவர்களைப் பற்றிப் பெருமை பேசுவதோடு நாம் நிறுத்திக்கொள்ளலாமா? நம் வீட்டு அலமாரியில் உறங்கும் கிதாபுகளில் ஒன்றையேனும் இன்று திறப்போம். பெரியோரை மதித்துக்கொண்டே உண்மையைத் தேடும் இல்மையும், தனிமையிலும் நோயிலும் ஹராமை விட்டு விலகும் தக்வாவையும் அல்லாஹுத்தஆலா நமக்கு நல்குவானாக! ஆமீன்.