மவுண்ட்பேட்டன் பிரபுவும் கண்டி மணிக்கூடும்

பேராதனைப் பூங்காவின் நிழலில் உலாவும் நம் மாணவருள், தென்கிழக்காசியப் போரை நடத்திய நேசப்படைத் தலைமைப்பீடம் அங்கே இருந்ததை அறிந்தோர் சிலரே. அதன் தலைவராய் விளங்கிய மவுண்ட்பேட்டன் பிரபுவின் வாழ்வை மணிக்கூட்டின் வழியாக நோக்குவதே நம் கருத்து.

விக்ரோறியா மகாராணியாரின் கொள்ளுப்பேரராக 1900ஆம் ஆண்டு யூன் 25இல் பிறந்த அவர், இளமையிலேயே கடற்படை புகுந்து கம்பியில்லாத் தந்தியில் விசேட தேர்ச்சி எய்தினார். தொலைவிலுள்ளோர் யாவரும் தத்தம் இடத்து மணியையே குறிப்பராயின் செய்தி குழம்பும். கிரீனிச் நேரம் பொது அளவாக வேண்டப்படுவது அதனாலேயே.

1944 ஏப்பிரலில் தலைமைப்பீடம் புதுடில்லியிலிருந்து கண்டிக்கு வந்தது. அப்பொழுது இலங்கையின் யுத்தகால மணி கிரீனிச்சுக்கு ஆறரை மணித்தியாலம் முந்தியிருந்தது. கண்டி கிழக்கே ஏறத்தாழ எண்பதரைப் பாகையில் உள்ளது. பாகைக்கு நான்கு நிமிடமாகக் கணக்கிட்டால் நமக்குரிய சூரிய நேரம் 5 மணி 22 நிமிடமே முந்தும். எனவே மணிக்கூடு பன்னிரண்டு அடித்து ஒரு மணித்தியாலத்துக்கு மேற்சென்ற பின்னரே கதிரவன் உச்சிக்கு வந்தான்! யப்பானியர் கைக்கொண்ட சிங்கப்பூரிலோ தோக்கியோ நேரம் நடந்தது. அது கிரீனிச்சுக்கு ஒன்பது மணித்தியாலம் முந்தியது.

1945 ஓகஸ்ட் 14 மாலை 7 மணிக்கு யப்பான் பணிந்த செய்தி வாசிங்டனில் வெளியாயிற்று. அங்கே யுத்தகால மணி கிரீனிச்சுக்கு நான்கு மணித்தியாலம் பிந்தியது. நான்கைக் கூட்டக் கிரீனிச்சில் இரவு 11; மேலும் ஆறரையைக் கூட்டக் கண்டியில் 15ஆந் திகதி அதிகாலை 5.30. தோக்கியோவிலோ காலை 8 மணி. நண்பகலிற் சக்கரவர்த்தி தம் குடிகளுக்கு வானொலியில் அதனை அறிவிக்கையில் நமக்கு 9.30. ஒரே செய்தி அமெரிக்கருக்கு 14ஆந் திகதியினது, நமக்கு 15ஆந் திகதியினது. செப்டெம்பர் 12இல் சிங்கப்பூரில் யப்பானியரின் சரணை மவுண்ட்பேட்டன் ஏற்றார்.

1947இல் இந்தியாவின் கடைசி இராசப்பிரதிநிதியான அவர், சுதந்திரத்துக்கு நாள் குறிக்க நேர்ந்தபோது அந்த ஓகஸ்ட் 15ஐயே தெரிந்தார். வாசிங்டன் நாட்காட்டியை நோக்கியிருப்பின் வேறு திகதி வாய்த்திருக்கும்! சோதிடர் 15 ஆகாதென்றனர். ஆகவே அரசியல் நிர்ணய சபை 14ஆம் நாள் இரவே கூடி நள்ளிரவை எதிர்கொண்டது. அவ்வேளை இலண்டனில் 14ஆந் திகதி மாலை 7.30.

1948 யூன் வரை தவணையிருந்தும் தம் வெற்றிநாளின் நினைவுக்கு அவர் காட்டிய விரைவை நாம் மெச்சுவதற்கில்லை. எல்லைக்கோடு 17ஆந் திகதிதான் வெளியிடப்பட்டது. தாம் எந்நாட்டில் உள்ளோமென்று அறியாமலே இலட்சோபலட்சம் மக்கள் அச்சுதந்திர தினத்தைக் கண்டனர்.

1979 ஓகஸ்ட் 27இல் அயர்லாந்துக் கரையருகே, தம் படகில் வைக்கப்பட்ட வெடிகுண்டினால் அவர் மாண்டார்.